உறவு முறியாமல் ‘முடியாது’ சொல்வது எப்படி: திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில், அதுவும் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு நடந்துபோகிற தூரத்தில் வீடு இருந்தால், சாத்தான்குளம் தொடங்கி திசையன்விளை வரைக்கும் உள்ள சொந்தபந்தம் எல்லாருக்கும் அதுதான் சத்திரம். ஸ்கேன் எடுக்க வந்தாலும், காலேஜ் அட்மிஷனுக்கு வந்தாலும், கல்யாண ஜவுளி எடுக்க வந்தாலும் பை நம்ம வீட்டு வராந்தாவில்தான் இறங்கும். இருபத்திரண்டு வருஷமாக அப்படி ஒரு வீட்டை நடத்துகிறேன். முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம் வெளியே சிரித்து, அடுக்களைக்குள் பாத்திரத்தை ஓங்கி வைத்து ஓட்டினேன். எல்லை வைக்கக் கற்றது அதற்குப் பிறகுதான்.

சபையின் பெண்கள் ஐக்கியத்தில் பழகுகிற பழக்கத்தில், புதிதாகக் கல்யாணமான பிள்ளைகள் இதே காரியத்தைச் செய்து பார்த்து வந்து அழுவதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். அநேகமாக அவர்கள் சொன்ன வார்த்தையில் தப்பு இருக்காது, வரிசைதான் தப்பியிருக்கும். ஆறாவது செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டு வருவார்கள். அதனால் கீழே உள்ள எண் வரிசையை மாற்றாதீர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் அடி உதை இருந்தால், பிள்ளைகள்மேல் தப்பான கை படுகிறது என்று சந்தேகம் இருந்தால், இந்த வழிகாட்டி அதற்கு ஆகாது. பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. அங்கே நயமாகப் பேசிப் பார்ப்பதற்கு எந்தப் படியும் கிடையாது. குடும்ப மானம் பிறகு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

1. தொடங்குமுன் வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு. கணவனும் மனைவியும் போனைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார இரண்டு சாயங்காலம். கேட்டதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளத் தெரிந்த, இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத ஒரு ஆள்.

மூன்றாவது கிடைப்பதுதான் கஷ்டம். எங்கள் பக்கம் ஒரே சேகரத்துக்குள், அதாவது ஒரே குருவானவரின் கீழ் உள்ள சபைகளுக்குள், பாதிப்பேர் பெண் கொடுத்து எடுத்தவர்கள். நீங்கள் ஆலோசனை கேட்கப் போகிற அக்கா உங்கள் நாத்தனாருக்கு ஓரகத்தியாக இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை சொன்னது செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கத்து நாசரேத் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கூட வேலை பார்க்கிறவர், வேறு சபைக்குப் போகிற ஒரு சிநேகிதி, இப்படி யாரையாவது பாருங்கள்.

மாதமும் பார்க்க வேண்டும். டிசம்பர் கூடவே கூடாது. வீட்டில் கல்யாணம் பேசியிருக்கும்போதும், துக்க வீட்டின் ஈரம் காயுமுன்னும் வேண்டாம். ஜூலை, ஆகஸ்ட் நல்ல மாதங்கள். மே லீவுக் கூட்டம் கலைந்திருக்கும், கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் கிடக்கும். கோபம் வந்தாலும் ஆறுவதற்கு அவகாசம் உண்டு.

2. ஒரு மாதம் எழுதுங்கள், வாய் திறக்காதீர்கள்

நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். யார் என்ன கேட்டார்கள்? நாம் என்ன செய்தோம்? மூன்றாவது கட்டத்தில் ஒரே ஒரு எழுத்து: உ, வி, க.

இந்த மூன்றும் 2 கொரிந்தியர் 9:7-இல் இருந்து எடுத்தவை. ‘அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன், உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்.’ காணிக்கை எடுக்குமுன் வாசித்து வாசித்து நமக்குப் பழகிப்போன வசனம். பணத்துக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். சோறு, படுக்கை, நேரம், காது எல்லாம் கொடுப்பதுதான். உற்சாகமாய்ச் செய்ததற்கு ‘உ’, மனம் நொந்து செய்ததற்கு ‘வி’, வேறு வழியில்லாமல் செய்ததற்கு ‘க’.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், நமக்கு வலிக்கிற இடம் ஒன்று, நாம் கை காட்டுகிற இடம் வேறு. நான் எழுதத் தொடங்கும்போது என் மாமியார் தினமும் ராத்திரி போன் செய்து ‘என்ன கொழம்பு வச்ச’ என்று கேட்பதுதான் என் நிம்மதியைக் கெடுக்கிறது என்று சத்தியம் செய்திருப்பேன். மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்தால் அந்தப் போன்களுக்கு எதிரே முக்கால்வாசி ‘உ’. ‘க’ எல்லாம் இரண்டே பேர்மேல் குவிந்திருந்தது. வீட்டுக்காரரின் சித்தப்பா வீட்டார் சொல்லாமல் வந்து தங்குவது ஒன்று, ஒன்றுவிட்ட கொழுந்தன் ஒருவரின் பண விவகாரம் இன்னொன்று. அந்த மாதம் நான் வாய் திறந்திருந்தால் பாவம், அந்த வயதான அம்மாவைத்தான் குத்தியிருப்பேன்.

புதியவர்கள் செய்யும் தப்பு, நோட்டில் குணத்தை எழுதுவது. ‘திமிர்’, ‘சுயநலம்’ என்று எழுதினால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும். நடந்ததை மட்டும் எழுதுங்கள்: ‘புதன், மூன்றுபேர், சொல்லாமல், ராத்திரி 9 மணி, தோசை.’

3. கடமை எது, பழக்கம் எது

நோட்டில் ‘க’ விழுந்த எல்லாவற்றையும் வெட்டிவிட முடியாது. சிலது கட்டாயமாகவே இருக்க வேண்டியது.

‘ஒருவன் தன் சொந்த ஜனங்களையும், விசேஷமாகத் தன் வீட்டாரையும் விசாரியாமற்போனால், அவன் விசுவாசத்தை மறுதலித்தவனும், அவிசுவாசியிலும் கெட்டவனுமாயிருப்பான்’ என்று 1 தீமோத்தேயு 5:8 முகத்துக்கு நேரே சொல்கிறது. பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது காணிக்கையாகிவிட்டது, என்று சொல்லித் தட்டிக் கழித்தவர்களை மாற்கு 7-இல் இயேசு கடிந்துகொள்கிறார். ஆகவே அப்பா அம்மாவின் மருந்துச் செலவு, அவர்களைப் போய்ப் பார்ப்பது, படுக்கையில் கிடந்தால் முறை வைத்துப் பார்த்துக்கொள்வது, இவற்றில் ‘எல்லை’ என்ற வார்த்தையை எடுத்துக்கொண்டு வராதீர்கள். அண்ணன் தம்பிக்குள் முறை பிரிக்கலாம், விட்டுவிட முடியாது.

மற்றதை எப்படிப் பிரிப்பது? கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தில் இரண்டாம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது; ஐந்தாம் வசனம் ‘அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே’ என்கிறது. தமிழ் வேதத்தில் இரண்டும் ‘பாரம்’தான், அதனால் குழம்புகிறோம். மூலக் கிரேக்கத்தில் முதலாவது ‘பாரோஸ்’, மற்றது ‘ஃபோர்த்தியோன்’. ஒன்று ஆளை அமுக்கிவிடுகிற சுமை. மற்றது ஒவ்வொருவரும் தன் முதுகில் சுமந்து நடக்க வேண்டிய மூட்டை. மச்சானுக்கு விபத்து நடந்து காலில் கம்பி வைத்திருக்கிறார்கள் என்றால் அது முதல் வகை. லீவு போட்டுப் போங்கள். அவர் மாதாமாதம் பைக் தவணை கட்ட முடியாமல் உங்களைக் கேட்டால் அது அவர் மூட்டை.

நோட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். முக்கால்வாசி வரி தானாகப் பிரிந்துவிடும். சந்தேகமானதைக் கடமைப் பக்கம் போடுங்கள், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. எல்லா ஆலோசனையும் தலையீடு ஆகிவிடாது. மோசே தனியாக உட்கார்ந்து ஜனங்களுக்கு நியாயம் தீர்ப்பதைப் பார்த்து, ‘நீர் செய்கிற காரியம் நல்லதல்ல’ என்று சொன்னவர் அவருடைய மாமனார்தான். மோசே கேட்டுக்கொண்டார், நன்றாகவே நடந்தது.

4. முதலில் கணவனும் மனைவியும் ஒரு வாக்கு

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்திருக்கிறார்கள்.

கல்யாண ஆராதனையில் வாசிக்கிற ஆதியாகமம் 2:24-ஐ நிதானமாக வாசியுங்கள். ‘புருஷன் தன் தகப்பனையும் தன் தாயையும் விட்டு, தன் மனைவியோடே இசைந்திருப்பான்.’ விட்டு வரச் சொன்னது ஆம்பிளையை. நம்ம ஊரில் விட்டுவிட்டு வருகிறது பெண்பிள்ளை, ஆம்பிளை அதே கட்டிலில்தான் படுத்திருக்கிறான். விடுவது என்றால் பெற்றவர்களைக் கைவிடுவது என்று யாரும் அர்த்தம் செய்ய வேண்டாம். முடிவெடுக்கிற இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

இரண்டு சாயங்காலம் கேட்டேனே, அது இதற்குத்தான். முதல் சாயங்காலம் நோட்டை வாசியுங்கள், தீர்மானம் வேண்டாம். அவர் தங்கச்சியைப் பற்றிய வரி வரும்போது அவருக்குச் சுள்ளென்று வரும். உங்கள் அம்மா பற்றிய வரியில் உங்களுக்கும் வரும். ஆறப் போடுங்கள். இரண்டாம் சாயங்காலம் எண்ணாக எழுதுங்கள்: எத்தனை ராத்திரி, எவ்வளவு ரூபாய், எந்த நாள். ‘கொஞ்சம் குறைச்சுக்கிடுவோம்’ என்ற தீர்மானம் தண்ணீரில் எழுதின மாதிரி. முதல் பை வராந்தாவில் இறங்கியதும் ‘கொஞ்சம்’ என்றால் அவருக்கு ஒரு அளவு, உங்களுக்கு ஒரு அளவாக இருக்கும்.

ஒன்றிரண்டு போதும். ஏழு எல்லையை ஒரேயடியாக வைத்த ஒரு தம்பதியைத் தெரியும். குடும்பத்தில் அதை ‘பத்துக் கற்பனை’ (மோசேயின் பத்துக் கட்டளை) என்று சொல்லிச் சிரித்தார்கள், ஒன்றுகூட நிற்கவில்லை.

5. யார் சொல்ல வேண்டும், எங்கே வைத்து

அவர் பக்கத்து ஆட்களிடம் அவர், உங்கள் பக்கத்து ஆட்களிடம் நீங்கள். இதற்கு விதிவிலக்கு இல்லை. பெற்ற பிள்ளை சொன்னால் வருத்தம், மருமகள் சொன்னால் பகை. அதே வார்த்தைதான்.

அவர் செய்யக்கூடாதது ஒன்று உண்டு: ‘எனக்கு ஒண்ணுமில்ல, அவளுக்குத்தான் ஒத்துக்கிடல’ என்று சொல்வது. அந்த ஒரு வரி பதினைந்து வருஷத்துக்கு ஓடும். நாளைக்கு உங்கள் மகள் சடங்கிலும் மகன் கல்யாணத்திலும் கூட அதை எடுத்துப் போடுவார்கள்.

இடம் அவர்கள் வீடு. மத்தேயு 18:15 ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்’ என்று சொல்கிறது. அதை நம்ம ஊருக்கு விரித்தால்: கோயில் பண்டிகைக்கு ஊரே கூடிச் சாப்பிடுகிற அசன விருந்துப் பந்தியில் வேண்டாம், ஆராதனை முடிந்து கோயில் காம்பவுண்டில் வேப்பமரத்தடியில் வேண்டாம், ஸ்பீக்கரில் போட்ட போனில் வேண்டாம், மொய் எழுதுகிற மேஜைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். பார்வையாளர் இருந்தால் பெரியவர்கள் தங்கள் மதிப்பைக் காப்பாற்றத்தான் பேசுவார்கள், உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டார்கள்.

கையில் ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள். அவர்கள் கொடுப்பதைச் சாப்பிட்டுவிட்டுப் பேசுங்கள். சாப்பிடாமல் பேசினால் சண்டைக்கு வந்ததாக அர்த்தம்.

6. சொல்ல வேண்டிய வார்த்தை

முடிகிறதை முதலில் சொல்லுங்கள், முடியாததை அடுத்துச் சொல்லுங்கள், பிறகு நிறுத்துங்கள். காரணங்களை அடுக்காதீர்கள்.

காரணம் சொல்வதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். நீங்கள் சொல்கிற ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்கள் அன்பாக ஒரு தீர்வு கண்டுபிடிப்பார்கள். இடமில்லை என்றால், ‘நாங்க வராந்தாவுல பாய விரிச்சிக்கிடுதோம்.’ பிள்ளைக்குப் பரீட்சை என்றால், ‘நாங்க சத்தமே போட மாட்டோம்.’ எனக்கு உடம்பு சரியில்லை என்றால், ‘அதுக்கென்ன, நான் வந்து பொங்கிப் போடுதேன்.’ கடைசியில் காரணம் தீர்ந்துபோகும், அவர்கள் தங்குவார்கள். பொய்க்காரணமாக இருந்தால் இன்னும் மோசம். ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள், இதற்கு மிஞ்சினது தீமையினால் உண்டாயிருக்கும்’ என்பது (மத்தேயு 5:37) இந்த இடத்தில் நல்ல நடைமுறை அறிவும்கூட.

என் வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை அரைக்கிலோ அல்வாவோடு சித்தப்பா வீட்டுக்குப் போனார். சித்தி கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு இவர் சொன்னது இவ்வளவுதான்:

‘சித்தப்பா, ஆஸ்பத்திரிக்கு வாரவங்க நம்ம வீட்டுல ரெண்டு ராத்திரி தங்கலாம். அதுக்கு மேல ஆச்சுன்னா பக்கத்துல ரூம் எடுத்துத் தாரேன், மொத நாள் வாடக என்னோடது. வாரதுக்கு முந்தின நாளு ஒரு போன் போட்டுருங்க.’

சித்தப்பா கொஞ்ச நேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, ‘ஏன், அவ சொன்னாளோ?’

‘ரெண்டுபேரும் சேந்துதான் முடிவு பண்ணுனோம்.’

‘அப்பம் நாங்க அன்னியமாயிட்டோம்.’

‘அன்னியம்னா நான் எதுக்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து ஒங்ககிட்ட சொல்லணும் சித்தப்பா?’

அதோடு எழுந்து, சித்தியிடம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டார். உட்கார்ந்து சமாதானப்படுத்தப் போயிருந்தால் இரண்டு ராத்திரி நாலாகியிருக்கும்.

7. படிக்க வந்து தங்குகிற பிள்ளைகள்

ஆஸ்பத்திரி இரண்டு நாள், படிப்பு மூன்று வருஷம். பாளையங்கோட்டையில் வீடு உள்ளவர்களிடம் ‘பிள்ளையை ஒங்ககூட விட்டுட்டுப் போறோம்’ என்று கேட்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். சரி என்று சொல்வதாக இருந்தால் பிள்ளை வருமுன்னே நாலு விஷயத்தைப் பெற்றோரிடம் பேசிவிடுங்கள்: சாப்பாட்டுச் செலவு, ராத்திரி எத்தனை மணிக்குள் வீடு, போன், பிள்ளைக்கு ஏதாவது என்றால் தீர்மானம் யாருடையது. பெண்பிள்ளை என்றால் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி. இதைப் பேசச் சங்கடமாக இருக்கிறது என்றால் ஹாஸ்டல் விசாரித்துக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் வரச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் அந்தப் பிள்ளைகள்தான் வளர்ந்த பிறகும் நம்மைத் தேடி வருகின்றன.

8. பணம், ஜாமீன், நகை

இந்தப் பகுதியில் எனக்கு வாய் கொஞ்சம் நீளும். பட்டவள்.

வீட்டுக்காரர் அந்த ஒன்றுவிட்ட தம்பிக்கு ஒரு கடன் சங்கத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். ‘சும்மா ஒரு பார்மாலிட்டிண்ணே’ என்றுதான் கேட்டது. ஏழாவது மாதம் தவணை நின்றது. அதற்கப்புறம் இரண்டரை வருஷம் இவர் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த இரண்டு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக் கொடுத்தது என் அம்மா.

ஜாமீன் சும்மா கையெழுத்து கிடையாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 128-இன்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவரிடம் கேளுங்கள் என்று நீங்கள் ஒதுங்கி நிற்க முடியாது. நீதிமொழிகள் 22:26, 27 இதைச் சட்டம் எழுதுமுன்னே சொல்லிவிட்டது: செலுத்த ஒன்றும் இல்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ஜாமீனுக்கு எங்கள் வீட்டில் பதில் ஒன்றே: ‘ஜாமீன் போடுறதில்லன்னு வச்சிருக்கோம்.’ ஆளுக்கு ஆள் மாற்றாதீர்கள். ஒருவருக்குப் போட்டு மற்றவருக்கு மறுத்தால் அது எல்லை இல்லை, ஓரவஞ்சனை.

கைமாற்றுக் கேட்டால் இப்படிச் செய்யுங்கள். வருஷத் தொடக்கத்தில் உறவுக்கு என்று ஒரு தொகை ஒதுக்குங்கள், ஐயாயிரமோ இருபதாயிரமோ உங்கள் சக்திக்கு. கேட்கிறவருக்கு அதிலிருந்து கொடுங்கள், திரும்பி வராது என்று எண்ணிக்கொண்டே கொடுங்கள். வந்தால் ஸ்தோத்திரம். தொகை தீர்ந்தால், ‘இந்த வருஷத்துக்கு எங்ககிட்ட இருந்தது தீந்துட்டு’ என்று உண்மையையே சொல்லலாம். முப்பதாயிரம் கடனாகக் கேட்டவருக்கு மூவாயிரம் சும்மா கொடுத்தால் முகம் சுருங்கும்தான். ஆனால் அவர் உங்களைக் கண்டு கோயிலில் வேறு வாசல் வழியாகப் போக மாட்டார். கடன் கொடுத்தால் அதுதான் நடக்கிறது: பணமும் போய், ஆளும் போய்விடுகிறார்.

நகையை அடகு வைக்க இரவல் கேட்டால் மறுப்பு மட்டும்தான். வட்டி ஏறி ஏலத்துக்குப் போனால் உங்கள் அம்மா போட்டுவிட்ட சங்கிலி திரும்பாது, அதே மாதிரி வாங்கித் தந்தாலும் அது அது ஆகாது.

9. ஜெபக்குறிப்பு வழியாகப் போகிற செய்தி

இது நமக்கே உரிய சிக்கல், வேறெங்கும் எழுதிப் பார்த்ததில்லை. பிள்ளை இல்லாதது, வேலை போனது, மகன் வேற்று ஜாதிப் பெண்ணை விரும்புவது எல்லாம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் ‘பாரமாக ஜெபிக்க வேண்டிய காரியம்’ ஆகிவிடும். சொல்கிற பெரியம்மாவுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. உண்மையாகவே கண்ணீரோடுதான் சொல்வார்கள். அடுத்த வாரம் நாலு பேர் உங்களை வழிமறித்து விசாரிப்பார்கள்.

இங்கே எல்லையைச் செய்தி சொல்லும்போதே வைக்க வேண்டும், பரவிய பிறகு வைத்துப் பிரயோஜனமில்லை. ‘பெரியம்மா, இத நீங்க தனியா ஜெபிங்க, கூட்டத்துல பேரச் சொல்ல வேண்டாம்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒருமுறை சொல்லிவிட்டவர் என்றால் அடுத்த செய்தியை அவரிடம் தாமதமாகச் சொல்லுங்கள். அதைப் பற்றி விளக்கம் தேவையில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் இதுதான். அதில் எல்லை அறிவிக்காதீர்கள். வாக்குத்தத்த வசனப் படத்துக்கு ஆமென் போடுவதோடு நிறுத்துங்கள். ‘சிலபேருக்கு’ என்று தொடங்கும் ஸ்டேட்டஸ் வைத்தீர்களோ, இதுவரை செய்த எட்டுப் படியும் வீண்.

10. தூது வரும்போது

எல்லை வைத்த முதல் மூன்று மாதம்தான் கஷ்டம். முதலில் மௌனம் வரும். பிறகு தூது வரும்: ஒரு அத்தை, பிறகு ஒரு மச்சான், சில வீடுகளில் சபை ஊழியரான உபதேசியாரையே அனுப்பிவிடுவார்கள். ‘கிறிஸ்தவ அன்பு எங்க போச்சு?’ என்ற கேள்வி கட்டாயம் வரும்.

அந்தக் கேள்விக்கு விவாதம் செய்யாதீர்கள். வசனத்துக்கு வசனம் எறியத் தொடங்கினால் விடியும்வரை எறியலாம். எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருந்த நெகேமியாவை, வேலையை நிறுத்தப் பார்த்த எதிரிகள் நான்கு தரம் ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். நான்கு தரமும் அவர் அதே மறுமொழியைத்தான் அனுப்பினார் (6:4). அதே வார்த்தை, அதே குரல்: ‘ரெண்டு ராத்திரி தங்கட்டும் அத்த, சந்தோஷம். முந்தின நாளு ஒரு போன்.’ ஒவ்வொரு தூதருக்கும் வார்த்தையை மாற்றினால், அவர்கள் கூடி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

உங்களையே யாராவது தூது போகச் சொன்னால் நாயின் காதை நினைத்துக்கொள்ளுங்கள். தனக்கடாத வழக்கில் தலையிடுகிறவன் நாயைக் காதைப் பிடித்து இழுக்கிறவனைப் போலிருக்கிறான் என்று நீதிமொழிகள் 26:17.

இந்த மாதங்களில்தான் நீங்கள் அதிகமாகப் போக வேண்டும். துக்க வீட்டுக்கு முதல் ஆளாகப் போங்கள். கல்யாணத்துக்குப் போங்கள், மொய்யைக் குறைக்காதீர்கள். ஆபிரகாமும் லோத்தும் பிரிந்தது ஆதியாகமம் 13-இல். ‘நாம் சகோதரர்’ என்று சொல்லி, எந்தப் பக்கம் வேண்டும் என்று சகோதரன் மகனான லோத்தையே தெரிந்துகொள்ளச் சொல்லித்தான் ஆபிரகாம் பிரிந்தார். அடுத்த அதிகாரத்திலேயே லோத்தைச் சிறைபிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேட்டதும் 318 ஆட்களோடு மீட்கப் போனவரும் அவர்தான். எல்லை வைத்தவர் ஆபத்துக்கு வரமாட்டார் என்ற பயம்தான் பெரியவர்கள் மனதில் இருக்கிறது. அதை வாயால் போக்க முடியாது, ஆளாகப் போய் நிற்க வேண்டும்.

சொந்தக்காரர் வருத்தமாக இருக்கும்போது திருவிருந்து (நற்கருணை) எடுக்கலாமா என்று கேட்கிற பிள்ளைகள் உண்டு. அவர்கள் உங்கள்மேல் வருத்தமாக இருப்பதும், நீங்கள் அவர்கள்மேல் வன்மமாக இருப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது இருந்தால் போய்ச் சரி செய்யுங்கள். முதலாவதற்கு ரோமர் 12:18 ‘உங்களாலானமட்டும்’ என்று ஒரு அளவு வைத்திருக்கிறது.

11. கையெழுத்துக் கேட்டால்

சொத்துப் பத்திரம் தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். உயில் எழுதாமல் அப்பா இறந்தால், கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925 பொருந்தும்: மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. ‘அக்கா, சும்மா ஒரு கையெழுத்து’ என்று விடுதலைப் பத்திரத்தோடு தம்பி வந்தால், விட்டுக்கொடுப்பது உங்கள் இஷ்டம். நானே என் பங்கில் பாதியை விட்டுக்கொடுத்தேன், இன்றைக்கும் அது ‘உ’தான். ஆனால் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். ‘வாசிச்சுப் பாத்துட்டு அடுத்த வாரம் சொல்லுதேன்’ என்பது யாரையும் புண்படுத்தாது. அதற்கே கோபம் வந்தால் அந்தப் பத்திரத்தை இரண்டு தடவை வாசியுங்கள்.

12. ஜனவரியில் ஒருமுறை

வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்த வாரத்தில் நோட்டை எடுத்து இரண்டுபேரும் உட்காருங்கள். எது நின்றது, எது நிற்கவில்லை, எதைத் தளர்த்தலாம். தளர்த்துவதாக இருந்தால் நாமாகத் தளர்த்த வேண்டும், நச்சரிப்புக்குத் தளர்த்தக் கூடாது. நச்சரித்தால் கிடைக்கும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் மறுபடி முதல் படிதான்.

சித்தப்பா மூன்று மாதம் பேசவில்லை. சித்திக்குக் கண் புரை எடுக்க வேண்டி வந்தபோது முந்தின நாள் சாயங்காலம் போன் வந்தது. ‘நாளைக்கு வாரோம். ரெண்டு ராத்திரிதான்’ என்று அந்த ‘தான்’-ஐ ஒரு அழுத்து அழுத்திச் சொன்னார். ஒரு பை நிறைய முருங்கைக்காயோடு வந்தார்கள். டாக்டர் லீவு என்று ஆபரேஷன் தள்ளிப்போனது. இரண்டாம் நாள் ராத்திரி சித்தப்பா பேசாமல் பையை அடுக்கிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அந்தப் பையை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். மொத்தம் ஐந்து ராத்திரி இருந்தார்கள். நோட்டில் ஐந்துக்கும் எதிரே ‘உ’ போட்டிருக்கிறது. மூன்றாம் ராத்திரிக்கு மட்டும் முதலில் ‘வி’ போட்டு அடித்திருக்கிறேன். அன்றைக்குச் சித்தப்பாவின் குறட்டை.